இருபத்துமூணு டெஸ்ட் டிரைவ்

மொதல் காரா சார்? அதான் நெனச்சேன். ரெண்டாவது கார் வாங்க வர்றவங்க இப்படி நோட்டீஸை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உக்கார மாட்டாங்க. வீட்டம்மா கலர் பார்க்கப் போயிருக்காங்களா? பார்க்கட்டும், பார்க்கட்டும். டீ வரும், குடிங்க. இங்க டீ நல்லா இருக்கும். திருச்சியில இருக்கற அத்தனை ஷோரூம்லயும் நான் டீ குடிச்சிருக்கேன், அதனால சொல்றேன்.

நான் வாங்க வரல. எங்க வீட்ல கார் இருக்கு. இருக்குன்னுதான் சொல்லணும். சனிக்கிழமை ஆனா இப்படி வந்து புது வண்டி என்ன வந்திருக்குன்னு பார்த்துட்டுப் போறது. ஊரு பெரம்பலூர். மின்வாரியத்துல கணக்கீட்டாளர், வீடு வீடாப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கற ஆளு. பேரு ஞானப்பிரகாசம்.

உங்களுக்கு ஊருக்குள்ள ஓட்டமா, ஹைவே ஓட்டமா? வாரா வாரம் மதுரையா? அப்ப ஹைவேதான். நல்லவேளை என்கிட்ட மாட்டினீங்க. இங்க இருக்கற பசங்க ஸ்கிரீனு எத்தனை இஞ்சுன்னுதான் சொல்லுவாங்க. ஹைவேயில ஸ்கிரீனா ஓடப் போகுது? எண்பதுல அஞ்சாவது கியர்ல போகும்போது இஞ்சின் எத்தனை சுத்து சுத்துதுன்னு பாருங்க. அது கம்மியா இருந்தாத்தான் எண்ணெய் நிக்கும், மைலேஜ் குடுக்கும். அப்புறம் கம்பெனிக்காரன் போடற மைலேஜ். அது ஏசி போடாம, மூட்டை இல்லாம, ஒத்தை ஆளு ஓட்டினது. நீங்க நாலு பேரு ஏறி ஏசியும் போட்டா அதுல கால்வாசியைக் கழிச்சுக்கணும். ரொம்பச் சின்ன இஞ்சின் வாங்கினீங்கன்னா லாரியை முந்தறப்ப ஏசியை அணைக்க வேண்டியிருக்கும். டீசல் வேணும்னா வருசத்துக்கு எத்தனை கிலோமீட்டர்னு கணக்குப் போட்டுட்டு வாங்குங்க. ஓடாத டீசல் வண்டி தொல்லை. இதெல்லாம் நான் எங்கயோ படிச்சுட்டுச் சொல்லல. இருபத்துமூணு டெஸ்ட் டிரைவ் போயிருக்கேன் சார். நோட்டு போட்டிருக்கேன்.

ஓட்டினது நான் இல்ல. ஓட்டறவன் ரோட்டைத்தானே பார்ப்பான்? வண்டியை எப்படிக் கவனிப்பான்? கவனிக்கணும்னா பக்கத்து சீட்டுல உக்காரணும். அதனால இருபத்துமூணு தடவையும் அவங்க பசங்களையே ஓட்டச் சொல்லிட்டேன்.

எனக்கு லைசென்ஸ் இருக்கு. இருபத்தெட்டு வருசமா இருக்கு. தவறாம புதுப்பிச்சுக்கிட்டு வர்றேன். எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததே மாசிலாமணிதான், எங்க ஆபீஸ் ஜீப் டிரைவர். அவன் கதைக்கு வர்றேன். தொண்ணூத்தெட்டுல ஒரு நாள் சிறுவாச்சூர் தாண்டி ஒரு கார் கம்பத்துல மோதிடுச்சு, லைனைக் கட் பண்ணணும்னு லைன்மேனோட நானும் போனேன். மாசிலாமணிதான் ஜீப்பு. காருக்குள்ள ஒரு குடும்பம்... அதை விடுங்க. அதுக்கப்புறம் எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கற அவசியம் வரல, அவ்ளோதான். பயம்னு இல்ல. அவசியம் வரல.

விசயத்துக்கு வர்றேன். என் சம்சாரம் செலின்மேரி, டீச்சர். அவளுக்குக் கூடப் பொறந்தது ஒரே தங்கச்சி, லூர்து. உளுந்தூர்பேட்டையில இருக்கா. புருசன் குவைத்துல. போன வருசம் ஜனவரியில லூர்துக்கு மார்புல கட்டின்னு சொல்லிட்டாங்க. பாண்டி ஆஸ்பத்திரியில மூணு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏத்தணும். செலின் விடியக்காலம் பெரம்பலூர்ல பஸ் ஏறி, உளுந்தூர்பேட்டையில இறங்கி, அவளைக் கூட்டிக்கிட்டு விழுப்புரம், அங்கருந்து பாண்டி. மருந்து ஏத்தி முடிச்சு அதே மாதிரி திரும்பணும். மருந்து ஏத்தினா வாந்தி வரும்ல. பஸ்ல பாலித்தீன் பையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும் அந்தப் புள்ள.

ரெண்டாவது தடவை போயிட்டு வந்தப்ப செலின் சொன்னா, "ஏங்க, ஒரு சின்னக் கார் வாங்கிடலாங்க. பழசா இருந்தாலும் பரவால்ல."

நான் மாட்டேன்னு சொன்னேனா? இல்ல சார். அன்னைக்கே சரின்னேன். அன்னைக்கு ராத்திரியே ஒரு நூத்துத்தொண்ணூறு பக்க நோட்டு எடுத்துக் கோடு போட்டேன். மொதல் கார். வாழ்க்கையில ஒரு தடவை வாங்கறது. ஹைவேயில போகப் போற வண்டி, உயிர் சம்பந்தப்பட்டது. பார்த்துத்தானே வாங்கணும்?

அந்த நோட்டை நீங்க பார்க்கணும். ஒரு வண்டிக்கு ரெண்டு பக்கம். மைலேஜு, டயர் அகலம், பிரேக் பிடிச்சா எத்தனை அடியில நிக்குது, பெரம்பலூர்ல மெக்கானிக் இருக்கானா, எல்லாம் எழுதியிருப்பேன். ஒரு நாள் திறந்து பார்க்கறேன், சிவப்பு இங்குல, பேப்பர் திருத்துற பேனா, செலின் கையெழுத்து: 'பின் சீட்டுல லூர்து படுக்க முடியுமா?' எனக்குக் கோவம் வந்துடுச்சு. நீல இங்குல ஒழுங்கா எழுதிக்கிட்டு வர்ற நோட்டுல நடுவுல வந்து எழுதினா? "எந்தக் கட்டத்துலன்னு இதை எழுதறது? பின் சீட்டு உக்கார்றதுக்கு, அதுக்கெல்லாம் அளவு குடுக்க மாட்டான்"ன்னேன். பேனாவை மூடிக்கிட்டுப் போயிட்டா.

மார்ச் மாசம். நாலாவது தடவை மருந்து ஏத்தற நாளு. "இன்னைக்கு நீங்களும் வாங்களேன், அவளுக்கு ரொம்ப முடியல, ரெண்டு பேரு பிடிச்சாத்தான் பஸ்ல ஏத்த முடியும்"னா. அன்னைக்குப் பார்த்து எனக்கு இங்க திருச்சியில ஒரு டெஸ்ட் டிரைவ் சொல்லி வச்சிருந்தேன். அவங்க காருக்காகத்தானே நான் அலையறேன்? அதைச் சொன்னேன். சரின்னுட்டுப் போயிட்டா. அன்னைக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல லூர்து மயங்கி விழுந்திருக்கு. பூ விக்கற பொம்பளைங்கதான் தூக்கித் தண்ணி தெளிச்சாங்களாம். செலின் ராத்திரி வந்து இதைச் சொன்னா. அழல. கத்தல. "இன்னைக்குப் பார்த்த வண்டி எப்படிங்க?"ன்னு கேட்டா. "பிரேக் சரியில்ல, வேற பார்க்கணும்"னேன். "பாருங்க"ன்னா.

அன்னையில இருந்து காரைப் பத்திப் பேசறதையே நிறுத்திட்டா. எனக்குன்னா அப்பாடான்னு இருந்துச்சு சார். அவசரப்படக் கூடாதுன்னு புரிஞ்சுக்கிட்டாளேன்னு. தெனம் விடியக்காலம் அஞ்சரை மணிக்கு எந்திரிச்சு, தலை வாரி, புடவை மாத்தி, கோயிலுக்குன்னு கெளம்பிடுவா. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தபசு காலம், தங்கச்சிக்காக வேண்டிக்கறா போலன்னு நெனச்சேன். ஈஸ்டர் முடிஞ்சது. அப்பவும் போனா. மே மாச வெயில்லயும் போனா. பக்தி கூடிப்போச்சுன்னு மாசிலாமணி கிட்டயே சொல்லி சந்தோஷப்பட்டேன். அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கிட்டே, "ஆமாடா, நல்ல விசயந்தான்"னான்.

ஜூன் மாசம் மாசிலாமணி வீட்டுக்கு ஒரு வேலையாப் போனேன். பக்கத்துல தார்ப்பாய் போட்டு ஒரு கார் நிக்குது. தூக்கிப் பார்த்தேன். எட்டு வருசப் பழசு, சின்ன டீசல் வண்டி. என் நோட்டுல மொதல் வாரமே அடிச்சு விட்ட மாடல். சும்மா இருப்பேனா? சுத்தி வந்து ஒண்ணொண்ணா சொன்னேன். "சத்தம் போடும். கிளட்ச் கெட்டியா இருக்கும். பின்னாடி இடிச்சு பெயிண்ட் அடிச்சிருக்கான் பாரு. எவன்டா இதை வாங்கின முட்டாள்?"

"தெரிஞ்சவங்கதான்டா"ன்னான். அவ்ளோதான் சொன்னான். முப்பது வருசப் பழக்கம் சார். என் கல்யாணத்துக்கு ஜீப் ஓட்டினவன்.

ஆகஸ்ட். லூர்துக்கு ஆபரேசன் முடிஞ்சு, கட்டுப் பிரிக்கப் போகணும். செலின் வழக்கம் போல பஸ்ஸுக்குன்னு பையைத் தூக்கிக்கிட்டு கெளம்பிட்டா. எனக்கு இருபத்துமூணாவது டெஸ்ட் டிரைவ். அப்பத்தான் பெரம்பலூர்லயே ஒரு ஷோரூம் திறந்திருந்தாங்க. சாதிக்குன்னு ஒருத்தர், நல்ல மனுசன், அவர்தான் ஓட்டறாரு. தொழுதூர் பக்கமா போறோம். நான் நோட்டைத் தொடையில வச்சுக்கிட்டு, "அம்பதுலயே போங்க, அம்பதுலயே போங்க"ன்னு சொல்லிக்கிட்டு வர்றேன். அம்பதுல எண்ணெய் எப்படி நிக்குதுன்னு பார்க்கணும்ல. வலது பக்க லைன்ல போய்க்கிட்டு இருக்கோம்.

பின்னாடி ஹார்ன். ரெண்டு தடவை. சாதிக் இடது பக்கம் ஒதுங்கறாரு. ஒரு கார் எங்களைத் தாண்டிப் போகுது. சாதிக் சொல்றாரு, "பாருங்க சார், அந்தம்மா என்ன அழகா ஓட்டறாங்க, கியரைக் குறைச்சு, சிக்னல் போட்டு... நம்ம பசங்களே இப்படி ஓட்ட மாட்டாங்க."

நான் திரும்பிப் பார்க்கறேன். செலின். கறுப்புக் கண்ணாடி வேற. அந்த எட்டு வருச டீசல் வண்டி. பக்கத்து சீட்டுல மாசிலாமணி. பொட்டலத்தைப் பிரிச்சு வேர்க்கடலை தின்னுக்கிட்டு இருக்கான் சார்! அவ ஓட்டறதைப் பார்க்கக்கூட இல்ல. மடியைப் பார்த்துக்கிட்டு, வேர்க்கடலை.

"தெரிஞ்சவங்களா சார்?"னு சாதிக் கேட்டாரு.

"இல்ல"ன்னேன்.

அன்னைக்குப் பொழுது எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தா. நடந்து வர்றா, தோள்ல அதே பை. நான் வாசல்லயே உக்காந்திருக்கேன். "பஸ்ஸு கூட்டமா?"ன்னு கேட்டேன்.

செருப்பைக் கழட்டிக்கிட்டே சொல்றா, "அதான் பார்த்துட்டீங்கல்ல. அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க? ஹார்ன் அடிச்சது நாந்தான். வலது பக்கத்துல அவ்வளவு மெதுவா போகக் கூடாதுங்க."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ஓட்டக் கத்துக்கிட்டது ஏப்ரல்ல இருந்து. வண்டி ஜூன்ல எடுத்தேன். பிலோமினா டீச்சர் ரிட்டயர்டு ஆகி ஊருக்குப் போனாங்க, அவங்க வண்டி. என் பிஎஃப் லோன்."

"கோயிலுக்குப் போறேன்னு போனியே?"

"கோயில் பக்கத்து கிரவுண்டுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"எத்தனை தடவை கேட்டேன் உங்ககிட்ட?"

"வாங்கறேன்னுதானே சொன்னேன்! வேணாம்னா சொன்னேன்?"

"வாங்கறேன்னுதான் சொன்னீங்க"ன்னா. அப்புறம் உள்ள போகாம நின்னு என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டா, "வாங்கியிருந்தா யாருங்க ஓட்டியிருப்பா?"

இது ஒரு கேள்வியா சார்? எனக்கு வந்த கோவத்துல நான் பதில் சொல்லல. கோவத்துல இருக்கறப்ப எதுவும் பேசக்கூடாது, அது என் பழக்கம். அவ பையை உள்ள வச்சா. அப்புறம் சோறு வடிக்கப் போயிட்டா.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை மொதல் வேலையா சைக்கிள் ஷெட்டுல மாசிலாமணியைப் பிடிச்சேன். "ஏன்டா, காலையில என் பொண்டாட்டிக்குக் கிளட்ச் சொல்லிக் குடுத்துட்டு, பத்து மணிக்கு என்கூட உக்காந்து டீ குடிச்சியே, அந்த டீ எப்படிடா உனக்கு எறங்குச்சு?"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன்டா. செலின்தான்டா வேணாம்னுச்சு. 'அண்ணே, அவருக்குத் தெரிஞ்சா நானே ஓட்டறேன்னு கெளம்புவாரு. கெளம்பிட்டு, முடியாம, மனசு கஷ்டப்படுவாரு. அவரைக் கஷ்டப்படுத்த வேணாம்ணே'ன்னு கைல சத்தியம் வாங்கிடுச்சு."

கேட்டீங்களா? என்னமோ எனக்கு ஓட்ட முடியாதுங்கற மாதிரி. ரெண்டு பேரும் உக்காந்து என்னைப் பத்திப் பேசியிருக்காங்க சார். என் முதுகுக்குப் பின்னாடி. வேற யாராவது ஏமாத்தினாத் தாங்கிக்கலாம். இந்த ரெண்டு பேரைத் தவிர எனக்கு யாரு இருக்கா? "உன் சகவாசமே வேணாம்"னு சொல்லிட்டு வந்தேன். ஆறு மாசம் அவன்கிட்ட பேசல. அவன் ஓட்டற ஜீப்புல ஏற மாட்டேன்னு சைக்கிள்லயே ரீடிங் எடுத்தேன். அந்தக் கார்லயும் ஏறல. கோயில் திருவிழாவுக்கு அவ கார்ல போனா, நான் பஸ்ல போனேன். ஒரே இடத்துக்கு. அவ ஒவ்வொரு தடவையும் கெளம்பறப்ப, "வர்றீங்களா?"ன்னு கேப்பா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன்.

இன்னும் கேளுங்க. போன மாசம் செலின் ஸ்கூல் படியில வழுக்கி விழுந்துட்டா. வலது கை மணிக்கட்டுல மாவுக்கட்டு. லூர்துக்குப் பாண்டியில எல்லா டெஸ்டும் எடுத்து டாக்டர் முடிவு சொல்ற நாளு அடுத்த நாள். தள்ளிப் போட முடியாது. காலையில வந்து என் பக்கத்துல உக்காந்தா. குத்தலா இல்ல, சாதாரணமாத்தான் கேட்டா, "ஏங்க, இன்னைக்கு நீங்க ஓட்டறீங்களா?"

நான் சாவியை வாங்கினேன். ஆமா சார், வாங்கினேன். கதவைத் திறந்து உக்காந்தேன். சீட்டைப் பின்னாடி தள்ளினேன். கண்ணாடியைச் சரி பண்ணினேன். திரும்பவும் சீட்டை முன்னாடி இழுத்தேன். ஒரு கால் மணி நேரம் ஆகியிருக்கும். கை ரெண்டும் வேர்த்து ஸ்டீயரிங் நழுவுது, அந்த ஸ்டீயரிங் உறை மட்டமான உறை. இறங்கி வந்து, "டயர்ல காத்து கம்மியா இருக்கு. இதோட ஹைவேயில போறது ஆபத்து"ன்னேன்.

அவ டயரைப் பார்க்கல. என்னையும் பார்க்கல. "சரிங்க. நான் பஸ்ல போய்க்கறேன்"னு மாவுக்கட்டுக் கையோட பையை எடுத்தா.

என்ன பண்றது சொல்லுங்க? அந்தப் புள்ளைக்கு முடிவு சொல்ற நாளு. இவளுக்குக் கை உடைஞ்சிருக்கு. வேற வழியில்லாம போனை எடுத்து மாசிலாமணிக்குப் போட்டேன். ஆறு மாசமா பேசாதவன். "வா"ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். எதுக்கு, என்னன்னு கூடக் கேக்கல. பத்து நிமிசத்துல வந்து நிக்கறான். ஒரு ரோஷம் வேணாம் மனுசனுக்கு?

"டயர்ல காத்து இல்ல"ன்னு சொன்னேன். குனிஞ்சு நாலு டயரையும் தட்டிப் பார்த்தான். நிமிர்ந்து, "ஆமாடா, கொஞ்சம் கம்மிதான். போற வழியில பிடிச்சுக்கலாம்"னான். பொய் சார்! துளியும் கம்மி இல்ல, எனக்குத் தெரியாதா? மூஞ்சிக்கு நேரா நின்னு கூசாம பொய் சொல்றான். அதான் அவன் கொணம்.

அன்னைக்குத்தான் மொத மொதல்ல அந்த வண்டியில ஏறினேன். அவன் ஓட்டறான், செலின் முன்னாடி, நான் பின்னாடி. உளுந்தூர்பேட்டையில லூர்து ஏறி என் பக்கத்துல உக்காந்துச்சு. தலையில முடி இப்பத்தான் முளைச்சு வருது, சின்னப் புள்ள மாதிரி. பாண்டி போனோம். டாக்டர் பார்த்துட்டு, எல்லாம் சுத்தமா இருக்கு, இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்னு சொல்லிட்டாரு. வராந்தாவுல அக்காவும் தங்கச்சியும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. மாசிலாமணி அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தறான். நான் பார்க்கிங் ரசீதைத் தேடிக்கிட்டு இருந்தேன்.

திரும்பி வர்றப்ப விழுப்புரம் தாண்டி கொஞ்ச தூரம். லூர்து என் கையைப் பிடிச்சுச்சு. "மாமா, ரொம்ப நாளா உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். நீங்க வரவே இல்ல, அதனால சொல்ல முடியல. இந்தக் கார் வரலைன்னா நான் பாதியிலயே போதும்னு விட்டிருப்பேன் மாமா. அக்கா எல்லாம் சொன்னா. எனக்காக நீங்க மாசக்கணக்கா ஊர் ஊரா அலைஞ்சு, நோட்டு போட்டு, பார்த்துப் பார்த்து எடுத்தீங்களாமே. உங்களுக்கு வேலை இருக்கறதாலதான் அக்காவை ஓட்டக் கத்துக்கச் சொன்னீங்களாம். எங்க வீட்டுக்காரரு கிட்ட போன்ல சொல்லி அழுதேன், நமக்கு இப்படி ஒரு மனுசன் வாய்ச்சாரேன்னு."

பார்த்தீங்களா சார்? என்னை ஏமாத்தினது பத்தாதுன்னு, நோயாளி, கூடப் பொறந்த தங்கச்சி, அதுகிட்டயும் பொய் சொல்லி வச்சிருக்கா! எட்டு மாசமா! எதுக்கு? யாரைக் கேட்டு? முன் சீட்டுல உக்காந்திருக்கா, கழுத்தைக்கூடத் திருப்பல. மாசிலாமணி கண்ணாடியில என்னைப் பார்த்தான், உடனே ரோட்டுக்குத் திரும்பிட்டான்.

நான் என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? அந்தப் புள்ள என் கையை விடாம பிடிச்சுக்கிட்டு மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே இருக்கு.

"ஆமாம்மா. உனக்காகத்தான் பார்த்து எடுத்தேன்"னேன்.